கண்மாய்ப் பறவையும் காரைக்கால் ரேடாரும்: மானியத்துக்கு எழுதுறதுக்கு முன்னாடி

காரைக்குடி பக்கத்துல ஒரு எய்டட் காலேஜ்ல விலங்கியல் உதவிப் பேராசிரியரா இருக்கிற வாசகி ஒருத்தங்க நீளமா ஒரு கடிதம் போட்டிருக்காங்க. பேர், காலேஜ் ரெண்டையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். அவங்க வளர்ந்தது கொள்ளுகுடிப்பட்டி பக்கம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக் கண்மாய்ல எந்த வாரம் எது வருது, எப்ப கூட்டம் குறையுதுன்னு பல வருஷமா நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. அமெரிக்காவுல வானிலை ரேடாரை வச்சே ராத்திரி பறக்கிற பறவைகளைக் கணக்கெடுக்கிறாங்கன்னு படிச்சதும், காரைக்கால்ல இருக்கிற நம்ம வானிலைத் துறை ரேடாரை வச்சு வேட்டங்குடிக்கு வர்ற வெளிநாட்டுப் பறவைகளைப் படிக்கலாமேன்னு தோணியிருக்கு. காலேஜ் மொட்டை மாடியில வைக்க சின்னதா ஒரு ரேடாரும் சேர்த்து 85 லட்சத்துக்கு ப்ரொபோசல் போட்டாங்க, ரிஜெக்ட் ஆயிடுச்சு.

இப்ப அவங்க கேட்கிறது இது. மதுரையில ஒருத்தர் 10 சதவீதம் குடுத்தா கிராண்ட் வாங்கித் தர்றேங்கிறார், நம்பலாமா? மலேசியாவுல குடியுரிமை வாங்கி செட்டிலான பெரியப்பா 15 லட்சம் தர்றேன்னு சொல்றார், அதை அப்படியே என் அக்கவுண்ட்ல வாங்கி வேலையை ஆரம்பிச்சிடலாமா? திரும்ப அப்ளை பண்ணினா துறைத்தலைவர் தன் பேரை முதல்ல போடச் சொல்றார், போடணுமா? கடைசியில ஒரு வரி, "சின்ன ஊர் காலேஜ்னுதான் ஒதுக்கிட்டாங்க, இல்லையா சார்?"

தங்கச்சி, அந்தக் கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன். ப்ரொபோசலை மதிப்பிட்ட ரெவ்யூவர்கள் எழுதினதா நீங்க அனுப்பின குறிப்பு ரெண்டையும் படிச்சேன். ஒருத்தர், ரேடார் டேட்டா கிடைக்கும்கிறதுக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர், குழுவில ரேடார் தெரிஞ்ச ஆள் இல்லைன்னு எழுதியிருக்கார். ரெண்டுலயும் ஊரைப் பத்தியோ காலேஜைப் பத்தியோ ஒரு வார்த்தை கிடையாது. கோபத்துல படிச்சா அப்படித்தான் தெரியும், ஒரு வாரம் கழிச்சு திரும்பப் படிச்சுப் பாருங்க, அவங்க கதவைச் சாத்தல, என்ன கொண்டு வரணும்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. ப்ரொபோசல் எழுதிக் குடுக்கிறது என் தொழில்ங்கிறதால சொல்றேன், இவ்வளவு தெளிவான ரிஜெக்ஷன் எல்லாருக்கும் வாய்க்காது.

ரேடார் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

இதைச் சரி பண்ணாம காசு பேச்சே எடுக்க முடியாது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ரேடார் அனுப்புற அலைக்கற்றை, அதான் பீம், தரையோட ஒட்டிப் போறது இல்ல. டார்ச் லைட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா தூரம் போகப் போக வெளிச்சம் மேல ஏறுற மாதிரிதான், கூடவே பூமியும் வளைஞ்சு கீழ இறங்கிக்கிட்டே போகும். ரேடார் சுத்துறதுலயே ரொம்பத் தாழ்வான கோணம் தரைமட்டத்துக்கு மேல அரை டிகிரின்னு வச்சுக்குங்க. காரைக்கால்ல இருந்து காரைக்குடி நேர்கோட்டுல கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், அங்க பீமோட நடுப்பகுதி தரையில இருந்து 2.6 கிலோமீட்டர் மேல இருக்கும். வேட்டங்குடி இன்னும் மேற்க, அங்க 3 கிலோமீட்டரையே தாண்டிடும். கண்மாய்க்கும் வயலுக்கும் போய் வர்ற கொக்கும் நாரையும் அந்த உயரத்துக்கு எங்க போகுது? அதுக பீமுக்கு ரொம்பக் கீழயே வந்துட்டுப் போயிடும், ரேடாருக்கு ஒண்ணுமே தெரியாது. பறவை எவ்வளவு உயரத்துல எவ்வளவு பறக்குதுன்னு கணக்கெடுக்கிறவங்க பெரும்பாலும் ரேடாரைச் சுத்தி 5-ல இருந்து 35 கிலோமீட்டருக்குள்ள உள்ளதைத்தான் எடுத்துக்கிறாங்க, காரணம் இதுதான்.

இன்னொண்ணு, வருத்தப்படாதீங்க. வேட்டங்குடியில கூடு கட்டுற நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், சாம்பல் நாரை, இராக்கொக்கு, வெள்ளைக் கொக்குல பெரும்பாலானது வெளிநாட்டுப் பறவை கிடையாது, நம்ம நாட்டுக்குள்ளயே தண்ணி இருக்கிற இடம் பார்த்து இடம் மாறுறதுக. சரணாலயமா 1977-ல அறிவிச்ச நாள்ல இருந்து போர்டுலயும் பேப்பர்லயும் "வெளிநாட்டுப் பறவைகள் வருகை"ன்னே பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிடுச்சு, ஆனா ப்ரொபோசல்ல அந்த வார்த்தை வந்தா ரெவ்யூவர் அங்கயே பேனாவை எடுத்துடுவார். நிஜமாவே வடக்க இருந்து வர்றது நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைக இதெல்லாம்.

ரேடார் இனம் சொல்லாது, இதையும் மனசுல வச்சுக்குங்க. எவ்வளவு உயிர்ப்பொருள், எந்த உயரம், எந்தத் திசை, என்ன வேகம், இவ்வளவுதான். அதுலயும் பூச்சியைப் பிரிக்கணும். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில தட்டான் கூட்டமே இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போறது, அதுவும் ரேடார்ல எக்கோ, அதாவது பட்டுத் திரும்பி வர்ற அலை, குடுக்கும், வௌவாலும் குடுக்கும். காத்தோட வேகத்தைக் கழிச்சுட்டுப் பார்த்தா பறவை தன் சொந்த பலத்துல வேகமாப் போகும், பூச்சி பெரும்பாலும் காத்தோடயே போகும், அதை வச்சு ஓரளவு பிரிக்கலாம். எக்கோவை எண்ணிக்கையா மாத்த ஐரோப்பாவுல ஒரு பறவை அலையைத் திருப்பி அனுப்புற பரப்பு 11 சதுர சென்டிமீட்டர்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, அது அங்க ராத்திரி பறக்கிற சின்னப் பறவைகளை மனசுல வச்சு எடுத்தது. வாத்தும் உள்ளானும் கலந்து போற நம்ம கடற்கரைக்கு அதை அப்படியே தூக்கிப் போட்டா எண்ணிக்கை தப்பாப் போகும்.

அப்ப ஐடியாவே வீணான்னு கேட்டா, இல்ல. கேள்வியை ரேடார் இருக்கிற இடத்துக்குக் கொண்டு போங்க. காரைக்காலைச் சுத்தி 35 கிலோமீட்டருக்குள்ள நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணின்னு கடலோரம் முழுக்க வருது. கோடியக்கரை 70 கிலோமீட்டர் சொச்சம், அங்க பீம் 900 மீட்டர் உயரத்துல இருக்கும், ராத்திரி உயரமாப் பறக்கிற கூட்டத்துல ஒரு பகுதி மாட்டும். கோடியக்கரையில பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டா பறவைகளுக்கு வளையம் போட்டு வருது, எந்த இனம் எப்ப கடக்குதுங்கிற சங்கதி அங்க இருக்கு. உங்க நோட்டுல கண்மாய்க் கணக்கு இருக்கு. இப்ப கேள்வி இப்படி ஆகும்: செட்டிநாட்டுக் கண்மாய்கள்ல வாத்தும் உள்ளானும் குறையுற வாரமும், நாகை கடற்கரை மேல ராத்திரி நகர்வு கூடுற வாரமும் ஒத்துப்போகுதா, எந்தக் காத்து அடிக்கிறப்ப கிளம்புதுக? இதுக்கு ரேடாரால பதில் சொல்ல முடியும். ஒத்துப்போகலைன்னு வந்தாலும் அதுவும் ஒரு முடிவுதான்.

சீசனையும் மாத்துங்க. நீங்க அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்னு போட்டிருக்கீங்க, பறவை வர்ற நேரம்னு யோசிச்சிருக்கீங்க, சரிதான், ஆனா அதேதான் வடகிழக்குப் பருவமழை நேரமும், ரேடார் முழுக்க மழை எக்கோவா இருக்கும். கிளம்பிப் போற நேரத்தைப் பிடிங்க, மாசி பங்குனி, சித்திரை பாதி வரைக்கும் வானம் வெளுப்பா இருக்கும். அந்த நேரத்துல கடலோரத்துல வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்கா நின்னு பீம் கீழ வளைஞ்சு தரை எக்கோ, கடல் எக்கோ வரும், அதைக் கழிக்கணும். அது ஒரு தலைவலி, ஆனா மழையைவிடச் சின்னத் தலைவலி.

படம் வேற, டேட்டா வேற

வானிலைத் துறை வெப்சைட்ல ரேடார் படம் தினமும் வருது, டவுன்லோட் பண்ணிட்டா போதும்னு எழுதியிருக்கீங்க. போதாது. வானிலைக்காரங்களுக்குப் பறவை எக்கோ ஒரு குப்பை, அதை எவ்வளவு முடியுமோ துடைச்சுட்டுத்தான் படம் போடுவாங்க, அது அவங்க வேலை. உங்களுக்குத் தேவை ஒவ்வொரு கோணத்துலயும் சுத்தி எடுத்த, வடிகட்டாத மூல டேட்டா. ஐரோப்பாவுல இதே பிரச்சினை வந்து, துடைக்கிறதுக்கு முன்னாடி உள்ளதையும் சேர்த்து வையுங்கன்னு பறவை ஆய்வாளர்கள் வானிலைத் துறைகள்கிட்ட எழுதிக் கேட்க வேண்டியதாப் போச்சு. அமெரிக்காக்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, சுமார் 160 ரேடாரோட மூல டேட்டாவும் 90-கள்ல இருந்து சேர்த்து வச்சிருக்கு, 2015-ல இருந்து அமேசான் கிளவுட்ல யார் வேணாலும் எடுக்கலாம். 1970-ல இருந்து வட அமெரிக்கா கிட்டத்தட்ட 300 கோடி பறவைகளை இழந்திருக்குன்னு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சே, அந்த எண்ணிக்கை தரைக் கணக்குல இருந்து வந்தது. அதுக்குத் துணைச் சாட்சியா நின்னது இந்த ரேடார் பெட்டகம், 2007-ல இருந்து 2017-க்குள்ள ராத்திரி வலசை 14 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு அது காட்டுச்சு.

அதனால உங்க முதல் வேலை ப்ரொபோசல் இல்ல, வானிலைத் துறைக்கு ஒரு கடிதம். காலேஜ் லெட்டர்ஹெட்ல, முதல்வர் கையெழுத்தோட, சென்னை மண்டல மையத்துக்கு எழுதுங்க. காரைக்கால் ரேடார் எந்தெந்தக் கோணத்துல எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்துது, மூல டேட்டா எத்தனை வருஷத்துக்கு இருக்கு, எந்த ஃபார்மட், வடிகட்டினதா வடிகட்டாததா, ரெட்டைப் பொலரைசேஷன் (படுக்கையாவும் நெட்டையாவும் ரெண்டு விதமா அலை அனுப்புறது) உண்டா, ஆராய்ச்சிக்கு என்ன கட்டணம், இவ்வளவும் கேளுங்க. பத்து வருஷ டேட்டா கேட்காதீங்க, பயந்துடுவாங்க. ஒரு மாசி மாசத்துல ஒரு பத்து ராத்திரிக்கான சாம்பிள் கேளுங்க. அந்த சாம்பிள்ல நீங்க ஒரே ஒரு படம் போட்டுக் காட்டினா, பொழுது சாஞ்சு கொஞ்ச நேரத்துல எக்கோ மேல எழும்பி வடக்க நகர்றது தெரிஞ்சா, ப்ரொபோசல்ல பத்து பக்கம் எழுதுறதை அது பேசிடும். படிச்சுப் பழக பயோராட்னு ஆர் மொழியில இலவச பேக்கேஜ் இருக்கு, அமெரிக்க டேட்டாவை வச்சு இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம், ஒரு பைசா செலவில்ல. வானிலைத் துறைப் பதில் தாமதமானா இஸ்ரோவோட வானிலை டேட்டா தளம் மாஸ்டாக்ல பதிவு பண்ணிட்டு அங்க கிடைக்கிற ரேடார் டேட்டாவுல கை பழகுங்க.

கூட ஒரு ஆள் வேணும், ரெண்டாவது ரெவ்யூவர் சொன்னது. உங்க பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையிலயோ, திருப்பதி பக்கத்துல கடங்கியில இருக்கிற தேசிய வளிமண்டல ஆய்வகத்துலயோ ரேடார் சிக்னல் தெரிஞ்ச ஒருத்தரைச் சேர்த்துக்குங்க. பறவை பக்கம் கோயம்புத்தூர் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கு. பெரிய பேரா இருக்கணும்னு தேடாதீங்க, போன் எடுக்கிற ஆளாத் தேடுங்க.

எவ்வளவு கேட்கணும், யார்கிட்ட

85 லட்சத்துல 60 லட்சம் ரேடாருக்குப் போட்டிருந்தீங்க. அதை முழுசா அடிச்சுடுங்க. பறவைக்குன்னே செய்யிற ரேடார் கோடிக்கணக்குல போகும், படகுல வைக்கிற ரேடாரை மாடியில வைக்கிறதா இருந்தாலும் அது அலை அனுப்புற கருவி, தொலைத்தொடர்புத் துறையோட வயர்லெஸ் பிரிவு உரிமம் இல்லாம ஆன் பண்ணவே கூடாது. உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல பையனோ பொண்ணோ, ஒரு கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க், கண்மாய் கண்மாயாச் சுத்த வண்டிச் செலவு, அவ்வளவுதான்.

கணக்குப் பாருங்க. ப்ராஜெக்ட்ல வேலை பார்க்கிற இளநிலை ஆய்வாளருக்கு, அதான் ஜேஆர்எஃப், மாசம் 37,000, ரெண்டு வருஷத்துக்கு 8.88 லட்சம். மூணாவது வருஷம் அவரே முதுநிலை ஆய்வாளர், எஸ்ஆர்எஃப், ஆனா 42,000, அது 5.04 லட்சம். ஆக வீட்டு வாடகைப் படி இல்லாம கிட்டத்தட்ட 14 லட்சம். மத்ததெல்லாம் சேர்த்தாலும் 25 லட்சத்துக்குள்ள முடியும். ஆராய்ச்சிக்கு மானியம் குடுத்த மத்திய அரசு அமைப்பு செர்ப், 2024-ல இருந்து அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியத்துக்குள்ள வந்துடுச்சு. மாநிலப் பல்கலைக்கழகத்துலயும் அதுக்குக் கீழ உள்ள கல்லூரிகள்லயும் ரெகுலர் போஸ்ட்ல இருக்கிறவங்களுக்குன்னே செர்ப் கொண்டு வந்த ஷ்யூர் திட்டம் உங்களுக்குப் பொருந்தும், மூணு வருஷத்துக்கு 30 லட்சம் வரைக்கும்னு வச்சிருந்தாங்க. ஐஐடிக்காரங்களோட ஒரே வரிசையில நிக்காம உங்க மாதிரி காலேஜ்களோட மட்டும் போட்டி போடுற இடம் இது, போன தடவை நீங்க இதை விட்டுட்டுப் பொதுப் பிரிவுல போட்டது எனக்கு ஆச்சரியம்தான். புது அறிவிப்பு வந்ததும் வரம்பும் தகுதியும் மாறியிருக்கான்னு வரி வரியாப் படிச்சுட்டுப் போடுங்க. அதுக்கு முன்னாடி மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தோட மாணவர் ப்ராஜெக்ட் திட்டத்துல சின்னத் தொகை வாங்கி ஒரு எம்எஸ்ஸி மாணவியை சாம்பிள் டேட்டாவுல உட்கார வையுங்க.

சின்னத் தொகைன்னு முகம் சுளிக்காதீங்க. ஐரோப்பாவுல என்ராம்னு 2013-ல இருந்து 2017 வரைக்கும் ஒரு அமைப்பு நடந்துச்சு, வானிலைக்காரங்களையும் பறவைக்காரங்களையும் ஒரே அறையில உட்கார வச்சது அதுதான். அதுக்கு நிதி குடுத்த காஸ்ட்ங்கிற ஐரோப்பிய அமைப்பு ஆராய்ச்சிக்கோ கருவிக்கோ ஒரு யூரோ தராது, கூட்டத்துக்கும் பயணத்துக்கும் பயிற்சிக்கும் மட்டும்தான் தரும். அங்க ஒருத்தருக்கொருத்தர் பழகினதுல இருந்துதான் பின்னாடி பெரிய ப்ராஜெக்ட்கள் வந்துச்சு.

சரணாலயத்துக்குள்ள போய் ஆய்வா எண்ணுறதுக்கு வனத்துறை அனுமதி வேணும், அதையும் இப்பவே எழுதி வாங்கிடுங்க, கிராண்ட் வந்த பிறகு ஓடினா முதல் சீசன் போயிடும்.

பெரியப்பா தர்ற காசு

மனசு பெருசு அவருக்கு, ஆனா உங்க அக்கவுண்ட்ல வாங்காதீங்க. வருமான வரிச் சட்டத்துல பெரியப்பா உறவினர், அவர் தர்ற அன்பளிப்புக்கு வரி கிடையாது, அதை நம்பித்தான் எழுதியிருக்கீங்க. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், எஃப்சிஆர்ஏ, அது தனி. அவர் இந்திய பாஸ்போர்ட்லயே இருந்து சொந்தச் சேமிப்பை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடிமகன் ஆயிட்டதால ஆகும், பூர்வீகம் பள்ளத்தூரா இருந்தாலும் சரி. அந்தச் சட்டம் விலக்கு குடுக்கிற உறவினர் பட்டியல் வருமான வரிப் பட்டியலைவிடச் சின்னது, பெரியப்பா அதுல வரமாட்டார். ஆராய்ச்சிக்குன்னு வாங்கினா கல்வி நோக்கத்துக்கு வாங்கினதாத்தான் பார்ப்பாங்க, பதிவோ முன்அனுமதியோ இல்லாம வாங்கக் கூடாது. வேற யாராவது அக்கவுண்ட்ல போட்டு கைமாத்தி வாங்கலாம்னு வீட்டுல யோசனை சொல்லுவாங்க, அது இன்னும் மோசம்.

உங்க காலேஜ் நிர்வாக டிரஸ்ட்டுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கான்னு கேளுங்க. இருந்தா அவங்களோட டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளை அக்கவுண்ட்டுக்கு அவர் அனுப்பலாம், நோக்கத்தை எழுத்துல குடுக்கலாம். பதிவு இல்லைன்னா இங்க இந்தியாவுல இருக்கிற பங்காளிக யாராவது தங்கள் சொந்தக் காசை காலேஜுக்கு ரசீதோட குடுக்கிறது சுலபம். இது நம்ம ஊருக்குப் புதுசா என்ன, யாவாரத்துல மகமைன்னு தர்மத்துக்கு ஒரு பங்கு எடுத்து வச்சு பள்ளிக்கூடம் கட்டின ஊர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்ததாலதான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் சிக்ரி காரைக்குடிக்கு வந்துச்சு, 1948-ல நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல திறந்தாங்க. ஆடிட்டர் ஒருத்தரை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டுச் செய்யுங்க, போன்ல கேட்டுட்டு விட்டுடாதீங்க.

10 சதவீதக்காரர்

வேண்டாம். விண்ணப்பம் ஆன்லைன்ல, முடிவு கமிட்டியில, நடுவுல யாரும் வாங்கித் தர முடியாது. கிராண்ட் உங்க கைக்கு மொத்தமா வராது, காலேஜ் வழியாத்தான் வரும், வருஷா வருஷம் ஆடிட் பண்ணின செலவுக் கணக்கும் காசைச் சொன்னதுக்கே செலவழிச்சோம்கிற யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட்டும் குடுக்கணும், மிச்சத்தைத் திருப்பிக் கட்டணும். இந்தக் கமிஷனை எந்தத் தலைப்புல எழுதுவீங்க? பொய் பில் போட்டாத்தான் முடியும், அதுல கையெழுத்து உங்களுது.

துறைத்தலைவர் பேர்

கேள்வி உங்களுது, நோட்டு உங்களுது, அப்ப முதன்மை ஆய்வாளரும் நீங்கதான். அவருக்கு ஓய்வு பெற ரெண்டு வருஷம்தான் இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, மூணு வருஷ ப்ராஜெக்ட்ல முதல் பேர் நடுவுல ரிட்டயர் ஆனா ஆள் மாத்தக் கடிதம் போட்டு நிக்கணும், ரெவ்யூவரும் அதைக் கேட்பார். இந்தக் காரணத்தையே மரியாதையா அவர்கிட்ட சொல்லுங்க, மனசு நோகாது. இணை ஆய்வாளரா அவரை வச்சுக்கிறதுல தப்பில்ல, வேலை செய்வார்னா. நிர்வாகம் பங்கு கேட்டா ஓவர்ஹெட்னு காலேஜுக்குத் தனியா வர்ற தொகை இருக்கு, அது அவங்க உரிமை, அதுக்கு மேல ஜேஆர்எஃப் சம்பளத்துல கை வைக்கிற பேச்சு வந்தா எழுத்துல கேளுங்கன்னு சொல்லிடுங்க, பெரும்பாலும் அதோட நின்னுடும்.

வானிலைத் துறைக்கான கடிதத்தை இந்த வாரமே போடுங்க. மாசி டேட்டா உங்க கைக்கு வந்து படிச்சு முடிக்க மூணு நாலு மாசமாவது ஆகும்.